தறிச்சத்தமும் மாக்சிம் சைலன்சரும்

"ஐயா தறிக்குப் போனவரா, பட்டாளத்துல இருந்தவரா?"

அப்பாவின் காதுப் பரிசோதனைத் தாளைப் பார்த்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி இதுதான். சோமனூர்ப் பக்கம் எட்டுத் தறி போட்டு முப்பத்திரண்டு வருடம் கூலிக்கு நெய்தவர் என்று சொன்னேன். டாக்டர் தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார். இடமிருந்து வலமாக ஓரளவு சரிந்து வந்த கோடு, 4000 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்த இடத்தில் கிணற்றுக்குள் இறங்கியதுபோல இறங்கி, 8000 பக்கம் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. "இந்தப் பள்ளம் சத்தம் தின்ன காதுக்குத்தான் விழும். தறிக்காரங்களுக்கு இருபது முப்பது வருஷத்துல விழறது, துப்பாக்கி சுடறவங்களுக்குச் சில சமயம் ஒரே நாள்ல விழுந்துரும்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குள் தங்கிவிட்டது. கல்லூரியில் படித்தபோது ஒரு பயிற்சி முகாமில் 'பாயிண்ட் டூ டூ' ரைபிளில் ஐந்து தோட்டா சுட்டிருக்கிறேன். சின்ன ரகத் துப்பாக்கிகளில் ஒன்று அது. அன்று இரவு பாயில் படுத்திருக்கையில் வலது காதில் 'ஙொய்ய்' என்று சில்வண்டு கத்தியதுபோல ஒரு இரைச்சல், விடியும்வரை. துப்பாக்கி சுட்டால் குண்டு போகிற பக்கம் இருப்பவருக்குத்தான் ஆபத்து என்று அதுவரை நினைத்திருந்தேன்.

சரி, துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்க யாராவது முயன்றார்களா என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சினிமாவில் கூலிக்கொலைகாரன் கைத்துப்பாக்கி முனையில் நிதானமாகத் திருகி மாட்டுவானே, அந்தக் கறுப்புக் குழாய்தான் அதற்கு விடை என்று தெரியும். ஆனால் அதைச் செய்த மனிதரின் கதைக்குள் போனபோது அங்கே ஓர் அப்பாவும் ஒரு மகனும் இருந்தார்கள். அப்பாவுக்குக் காது கேட்காது.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றி. எங்கள் ஊரில் சைலன்சர் என்றால் வண்டியின் புகைக்குழாய். புல்லட்டிலிருந்து இறங்கும்போது கெண்டைக்காலில் சூடு வாங்கிய தழும்பு எனக்கு இன்னும் இருக்கிறது. புல்லட், சைலன்சர் என்று இரண்டு சொற்களையும் துப்பாக்கியை நினைக்காமலே தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆனால் உறவு இருக்கிறது. ராயல் என்ஃபீல்டு என்ற பெயரே இங்கிலாந்தின் என்ஃபீல்டு ஊரிலிருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்து கொடுத்ததால் வந்தது. 'துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது' என்பதுதான் அந்த நிறுவனத்தின் பழைய விளம்பர வாசகம். வண்டிக் குழாயைச் சைலன்சர் என்று சொல்வது பிரிட்டிஷ் வழக்கம், நமக்கும் அங்கிருந்துதான் வந்தது. அமெரிக்காவில் அதை மஃப்ளர் என்பார்கள். அங்கே சைலன்சர் என்று சொன்னால் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும்.

இப்போது அந்த அப்பா. ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்சிம். 1840-இல் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பிறந்தவர். மின்விளக்கு, எலிப்பொறி, ஆவியில் ஓடும் பறக்கும் இயந்திரம் என்று கை வைக்காத துறை இல்லை. 1881-இல் மனைவியையும் பிள்ளைகளையும் அமெரிக்காவில் விட்டுவிட்டு ஐரோப்பா போனார், லண்டனில் தங்கிவிட்டார். மின்சாரத்தை விட்டுவிட்டு, ஐரோப்பியர்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் இன்னும் சுலபமாக அறுத்துக்கொள்ள ஏதாவது கண்டுபிடி, பணம் கொட்டும் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னதாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். 1884-இல் அது தயாராகிவிட்டது. குண்டு முன்னே போகும்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது அல்லவா, அந்த உதையையே பயன்படுத்தி அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி. நிமிடத்துக்கு 600 குண்டுகள். மாக்சிம் கன்.

லண்டனின் தெற்கே வெஸ்ட் நார்வுட்டில் இருந்த வீட்டுத் தோட்டத்திலேயே அதைச் சுட்டுப் பார்ப்பாராம். அதற்கு முன் உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுப்பார்: தோட்டத்தில் துப்பாக்கிச் சோதனை நடக்கப்போகிறது, கண்ணாடி உடையாமல் இருக்க அக்கம்பக்கத்தார் ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொள்ளவும். இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஜன்னல் உடையும் என்று தெரிகிறது. ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் காதுகளைப் பற்றி யோசனையே இல்லை. தன் காதைப் பற்றியும் இல்லை. வருடக்கணக்கில் அந்தத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் நின்றவர் முதுமையில் ஏறக்குறைய முழுச் செவிடாகிப் போனார். அதற்குள் இங்கிலாந்து அவரைத் தன் குடிமகனாக ஏற்று 'சர்' பட்டமும் கொடுத்திருந்தது.

அந்தத் துப்பாக்கி என்ன செய்தது என்பதற்கு ஒரு நாளைச் சொன்னால் போதும். 1898 செப்டம்பர் 2, சூடானில் ஒம்துர்மான். பிரிட்டிஷ் தளபதி கிச்சனரின் படை மாக்சிம் கன்களோடும் பீரங்கிகளோடும் நின்றது. எதிரே வந்த சூடானியரின் மாஹ்தி படையில் அன்று ஒரு காலைப்பொழுதில் பத்தாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். கிச்சனர் பக்கம் செத்தவர்கள் ஏறத்தாழ ஐம்பது பேர்.

செப்டம்பர் 2 என்ற தேதியை வேறோர் இடத்தில் குறித்து வைத்திருந்தேன் என்று தோன்றியது. நோட்டைப் புரட்டினேன். அமெரிக்காவில் விட்டுவிட்டு வந்த மகன் ஹைரம் பெர்சி மாக்சிம் பிறந்தது 1869 செப்டம்பர் 2. ஒம்துர்மானில் அந்தப் பிணங்கள் விழுந்த நாளில் மகனுக்கு 29 வயது முடிந்திருக்கிறது. தற்செயல்தான். ஆனாலும் எனக்கு மறக்க முடியவில்லை.

அப்பா போனபோது பெர்சிக்கு வயது பதினொன்றோ பன்னிரண்டோ. அம்மாவோடு வளர்ந்து, 1886-இல் எம்.ஐ.டி.யில் பட்டம் வாங்கியபோது 17 வயதுகூட நிறையவில்லை. மாசசூசெட்ஸின் லின் நகரில் பீரங்கிக் குண்டு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. பெட்ரோலில் ஓடும் வண்டி செய்ய வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. பெட்ரோல் எப்படி வெடிக்கும் என்று பார்க்க, தொழிற்சாலையில் கிடந்த காலிப் பீரங்கித் தோட்டாக் கூடு ஒன்றை எடுத்து, அதில் சில சொட்டுப் பெட்ரோல் விட்டு, நெருப்புக்குச்சியைக் காட்டினார். அந்தச் சின்னச் சொட்டுக்குள் அவ்வளவு பலம் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. என்ஜினும் துப்பாக்கியும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்பதற்கு இதைவிட நல்ல காட்சி எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டிலும் மூடிய குழாய்க்குள் ஏதோ எரிகிறது, சூடான வாயு எதையோ தள்ளுகிறது. என்ஜினில் பிஸ்டன் திரும்பி வருகிறது. துப்பாக்கியில் குண்டு திரும்பி வருவதில்லை.

1895-இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் போப் என்ற சைக்கிள் கம்பெனியின் மோட்டார் வண்டிப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தார். அப்புறம் வாழ்நாள் முழுக்க அந்த ஊர்தான். வண்டிச் சைலன்சரையும் அவர்தான் கண்டுபிடித்தார் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியில்லை. இண்டியானா மாநிலத்தின் ரீவ்ஸ் சகோதரர்கள் 1897-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். ஆனால் என்ஜின் புகையின் சத்தத்தோடு தினமும் மல்லுக்கட்டிய ஒருவர்தான் துப்பாக்கிப் பக்கமும் திரும்பினார் என்பது உண்மை.

ஏன் திரும்பினார்? காது போன அப்பாவை நினைத்து மகன் செய்தான் என்று எழுதினால் கதை நன்றாகத்தான் இருக்கும், எனக்கும் அப்படி எழுத ஆசை. ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு. தனக்குக் குறிபார்த்துச் சுடுவது பிடிக்கும், ஆனால் அந்தச் சத்தம் மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று தெரிந்தபிறகு அதை முழுசாக அனுபவிக்க முடியவில்லை, சத்தமே இல்லாமல் சுட்டால் என்ன என்று ஒருநாள் தோன்றியது, அவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறார். அப்பா பக்கத்து வீட்டாரிடம் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றவர். மகனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிப்பது மனதை உறுத்தியிருக்கிறது. அப்பாவின் காதுக்காகச் செய்தார் என்பதைவிட இது எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது.

வழி கிடைத்தது குளியல் தொட்டியில் என்பார்கள். குளித்து முடித்து அடைப்பைத் திறந்தபோது தண்ணீர் சுழன்று சுழன்று மெதுவாக இறங்குவதைப் பார்த்தார். துப்பாக்கிக் குழலில் இருந்து வரும் வாயுவையும் இப்படிச் சுழலவிட்டால், ஒரே மூச்சில் வெளியே பாயாமல் நிதானமாகக் கசியுமே என்று தோன்றியது.

இந்த இடத்தில் கோலி சோடாவை நினைத்துக்கொண்டால் போதும். கட்டையால் ஒரே குத்தாகக் குத்தினால் 'டப்' என்று தெரு முனைவரை கேட்கும். கோலியை மெதுவாக அழுத்தினால் 'ஸ்ஸ்' என்று மட்டும் வரும். வெளியே வந்த வாயு இரண்டு தடவையும் ஒரே அளவு. வந்த வேகம்தான் வேறு. நல்ல ரைபிளில் வெடிமருந்து எரியும்போது உள்ளே ஏறும் உச்ச அழுத்தம், நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல மூவாயிரம் மடங்குக்கும் மேல். குண்டு குழல் வாயைத் தாண்டும்போது அதில் நிறைய குறைந்திருக்கும். மிச்சம் இருப்பது வெளியே பாய்ந்து காற்றை அறைகிற அறைதான் நாம் கேட்கும் 'டமார்'. சைலன்சர் என்பது குழல் வாயில் மாட்டிய இன்னொரு குழாய். உள்ளே அடுத்தடுத்து அறைகள், நடுவில் குண்டு மட்டும் போக ஒரு பாதை. குண்டு நேராகப் போய்விடும். பின்னால் வரும் வாயு அறை அறையாகப் புகுந்து, விரிந்து, சூடு தணிந்து, ஆத்திரம் அடங்கி வெளியே வரும்.

பெர்சிக்கு 1909 மார்ச் 30 அன்று அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதற்கு முன்பே ஐரோப்பாவில் சிலர் முயன்றிருக்கிறார்கள், ஆனால் கடையில் வாங்கி மாட்டக்கூடிய பொருளாக அதை ஆக்கியவர் இவர்தான். சைலன்சர் என்ற பெயரையும் நிலைக்க வைத்தார். அவருடைய 1910 மாடலில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. குண்டு போகும் துளை குழாயின் நடுவில் இருக்காது, மேல்பக்கமாகத் தள்ளியிருக்கும். குழாயின் பருமன் கீழே தொங்குவதால் குறிபார்க்கும் முள்ளை அது மறைக்காது. தானே சுட்டுப் பழகிய ஒருவருக்குத்தான் இப்படித் தோன்றும்.

தபாலில் வந்தது, இரும்புக்கடையில் ஆணி, சுத்தியலோடு விற்றது. சில டாலர்தான் விலை. வீட்டுக் கொல்லையில் தகர டப்பாவைச் சுடும் குடும்பங்கள் வாங்கின. ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டும் தன் வின்செஸ்டர் ரைபிளில் மாக்சிம் சைலன்சர் மாட்டியிருந்தார். ஆய்ஸ்டர் பே ஊரில் அவர் வீட்டைச் சுற்றிப் பெரிய இடத்துக் குடும்பங்கள். பயிரை நாசம் செய்யும் சிறு பிராணிகளை விடியற்காலையில் சுடும்போது அவர்கள் தூக்கம் கெடக்கூடாது என்பதற்காக என்று சொல்வார்கள். அங்கேயும் பக்கத்து வீடுதான்.

பயமும் உடனே வந்துவிட்டது. சத்தமில்லாத துப்பாக்கி கொலைகாரன் கையில் போனால் என்ன ஆவது என்று பத்திரிகைகள் எழுதின. வனவிலங்குகளை நேசித்தவர்கள், திருட்டு வேட்டைக்காரனைப் பிடிக்க வழியே இருக்காது என்றார்கள். இந்தப் பயங்களை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அந்தக் காலத்திலேயே எல்லோரும் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. சைலன்சர் என்ற பெயர் கொஞ்சம் அதிகம். அது சத்தத்தை அழிப்பதில்லை.

துப்பாக்கி சுடும்போது குழல் வாயில் வாயு வெடிப்பது ஒரு சத்தம்தான். குண்டு ஒலியைவிட வேகமாகப் போனால், அது போகும் வழியெல்லாம் சாட்டை சொடுக்கியதுபோல ஒரு 'சடீர்' எழும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது, ராணுவ ரைபிள் குண்டு நொடிக்கு 800 மீட்டரைத் தாண்டும். குழல் வாயில் எதை மாட்டினாலும் இந்தச் சாட்டையை ஒன்றும் செய்ய முடியாது, அது குண்டோடு போய்விட்டது. போதாக்குறைக்குத் துப்பாக்கியின் இரும்பு உறுப்புகள் மோதும் சத்தம் வேறு.

டெசிபல் என்ற சத்த அளவில் கணக்காகச் சொன்னால், பெரிய ரைபிள் 160 டெசிபலை ஒட்டி. நான் முகாமில் சுட்டதே 140 வாக்கில். ஒரே வெடிப்பில் காதுக்கு நிரந்தரச் சேதம் வரலாம் என்று வைத்திருக்கும் எல்லையும் அந்த 140தான். நல்ல சைலன்சர் 20 முதல் 35 டெசிபல்வரை குறைக்கும். அப்படியானால் பெரிய ரைபிள் சைலன்சரோடும் 130 டெசிபலைச் சுற்றி இருக்கும். நம் ஊர்ப் பட்டாசுக்கு, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் என்று அரசு எல்லை வைத்திருக்கிறது. அளக்கும் முறை சற்று வேறு என்றாலும், சைலன்சர் மாட்டிய ரைபிள் தீபாவளி வெடிக்குச் சளைத்தது இல்லை என்று புரியும். சினிமாவில் 'புஸ்க்' என்று வருமே, பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடக் கேட்காதே, அது சத்தம் சேர்க்கும் ஸ்டுடியோவில் பிறந்தது.

ஆனால் 160-க்கும் 130-க்கும் இடையே இருப்பது சின்ன வித்தியாசம் என்று நினைத்துவிடக்கூடாது. டெசிபல் கணக்கில் ஒவ்வொரு பத்துக்கும் ஆற்றல் பத்து மடங்கு மாறும். முப்பது குறைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. காதுக்குள் இருக்கும் நுண்மயிர்ச் செல்களுக்கு அந்த ஆயிரம் மடங்கு வாழ்வா சாவா என்கிற விஷயம். அவை ஒருமுறை போனால் போனதுதான், மறுபடி முளைக்காது. அப்பாவின் தாளில் இருந்த பள்ளம் அப்படிச் செத்தவற்றின் கணக்கு.

பெர்சியின் கம்பெனி 1934-க்கு முன்பே துப்பாக்கிச் சைலன்சர் செய்வதை விட்டுவிட்டு டீசல் என்ஜின், கம்ப்ரஸர் போன்றவற்றின் சத்தத்தைக் குறைக்கும் வேலைக்குப் போய்விட்டது. தெருச்சத்தத்தைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும் ஜன்னல் கருவி ஒன்றுகூடச் செய்தார்கள். அந்த ஜன்னல் கருவியைப் பற்றிப் படித்தபோது அப்பா மாக்சிமின் பத்திரிகை அறிவிப்பு மறுபடி நினைவுக்கு வந்தது.

1934 ஜூனில் அமெரிக்கா தேசியத் துப்பாக்கிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மதுவிலக்குக் காலத்து ரவுடிக் கும்பல்களின் எந்திரத் துப்பாக்கிகள்தான் அதன் முதல் குறி. சைலன்சரையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். கைமாறும் ஒவ்வொன்றுக்கும் 200 டாலர் வரி, பதிவு, விரல் ரேகை. சில டாலர் பொருளுக்கு 200 டாலர் வரி என்றால் வாங்காதே என்று பொருள். அந்த 200 அப்படியே 90 வருடத்துக்கும் மேல் மாறாமல் நின்று, 2025-இல் வந்த சட்டத்தால் 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாகியிருக்கிறது. பதிவு மட்டும் தொடர்கிறது. இந்தியாவில் நம் ஆயுத விதிகள் இதைத் தடைசெய்யப்பட்ட வகையில்தான் வைத்திருக்கின்றன.

மக்கள் கையை விட்டுப் போன பொருள் உளவாளிகள் கைக்குப் போனது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் ரகசியப் படைக்காக வெல்ரோட் என்ற கைத்துப்பாக்கி செய்தார்கள். பிடியைக் கழற்றிவிட்டால் பார்க்க சைக்கிள் பம்பு மாதிரி இருக்கும், செய்தவர் பெயர்கூடப் பொறித்திருக்காது. இன்னொன்று டி லைல் கார்பைன். நம் போலீஸ்காரர்கள் நெடுநாள் தோளில் சுமந்த 'த்ரீ நாட் த்ரீ' இருக்கிறதே, அந்த லீ என்ஃபீல்டு ரைபிளின் உடம்பில், ஒலியைவிட மெதுவாகப் போகும் பருத்த கைத்துப்பாக்கிக் குண்டைச் சுடும் குழலையும், அதைச் சுற்றி ஒரு பெரிய சைலன்சரையும் பொருத்தியது. சாட்டைச் சத்தம் இல்லை, குழல் வாய்ச் சத்தமும் அடங்கிவிட்டது. அடுத்த தோட்டாவை ஏற்றக் கைப்பிடியை இழுக்கும்போது வரும் 'கடக்'தான் பெரிய சத்தம் என்பார்கள். மொத்தம் 130 வாக்கில்தான் செய்தார்கள். 1960 மே 1 அன்று சோவியத் வானத்தில் சுட்டு வீழ்த்தப்பட்ட யூ-2 உளவு விமானத்தின் ஓட்டுநர் கேரி பவர்ஸிடமும் சைலன்சர் வைத்த ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. மாஸ்கோவில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். வியட்நாமில் அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படையினர் வைத்திருந்ததற்கு 'ஹஷ் பப்பி' என்று பெயர். காவலுக்கு நிற்கும் நாய்களைச் சுடுவதற்கு என்பதால் அப்படி. பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கத்துக்காகத் தொடங்கிய பொருள் வந்து சேர்ந்த இடம் அது.

2019 மே 31 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா பீச் நகராட்சிக் கட்டடத்தில் ஒருவன் 12 பேரைச் சுட்டுக் கொன்றான். அவன் துப்பாக்கியில் சைலன்சர் இருந்தது. கட்டட வேலையில் ஆணி அடிக்கும் மெஷின் சத்தம் என்றுதான் முதலில் நினைத்தோம் என்று தப்பித்தவர்கள் சொன்னார்கள். காதைக் காப்பாற்றும் கருவி என்று நான் எழுதும்போதெல்லாம் அந்தக் கட்டடத்தில் இருந்தவர்களும் என் முன்னால் நிற்கிறார்கள். சத்தம் ஒரு எச்சரிக்கையும்தான். ஓடு என்று அது சொல்கிறது.

இன்னொரு பக்கம், வேட்டை வாழ்க்கையோடு கலந்துபோன ஃபின்லாந்து, நார்வே, நியூசிலாந்து போன்ற நாடுகளில் சைலன்சர் மாட்டுவது நல்ல பழக்கமாகவே பார்க்கப்படுகிறது. சுடுகிறவர் காதுக்கும் நல்லது, காட்டோரக் கிராமத்துக்கும் நல்லது என்பது அவர்கள் கணக்கு. ஒரே இரும்புக் குழாய், ஓர் ஊரில் கொலைகாரனின் அடையாளம், இன்னோர் ஊரில் மரியாதை. துப்பாக்கியே வேண்டாம் என்பவன் நான். ஆனாலும் இந்த விஷயத்தில் அந்த நாட்டுக்காரர்கள் சொல்வதே பெர்சி மாக்சிமின் மனசுக்கு நெருக்கமானது என்று நினைக்கிறேன்.

பெர்சியை இன்று உலகம் பெரும்பாலும் நினைவில் வைத்திருப்பது வேறொன்றுக்காக. 1914-இல் ஹார்ட்ஃபோர்டிலிருந்த அவருடைய வீட்டு ரேடியோவிலிருந்து, ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த ஸ்பிரிங்ஃபீல்டில் ஒருவருக்குச் செய்தி அனுப்ப முயன்றார். எட்டவில்லை. நடுவழியில் வின்ட்சர் லாக்ஸ் என்ற ஊரில் இருந்த இன்னொரு ரேடியோக்காரரைக் கேட்டார், அவர் வாங்கிக் கைமாற்றி விட்டார். இப்படி வீட்டுக்கு வீடு கைமாற்றினால் நாடு முழுக்கப் பேசலாமே என்று அந்த வருடமே அமெரிக்க ரேடியோ ரிலே லீக் என்ற சங்கத்தை ஆரம்பித்தார். பொழுதுபோக்காக வீட்டிலிருந்தே செய்தி அனுப்பி வாங்கும் ஹாம் ரேடியோ வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் அவர் பெயர் தெரியும். இரைச்சலுக்கு நடுவே எங்கோ தூரத்தில் தட்டும் ஒரு மெல்லிய மோர்ஸ் தந்தி 'டிட், டா'வைக் காதைத் தீட்டிக் கேட்பதுதான் அந்த உலகம். பகலில் சத்தத்தைக் குறைக்கிற வேலை, இரவில் மெல்லிய சத்தத்தைத் தேடுகிற வேலை. 1936 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவுக்குப் போகும் வழியில் உடம்புக்கு முடியாமல் கொலராடோவின் லா ஹுன்டா ஊரில் இறங்கி, அங்கேயே இறந்தார். தன்னை விட்டுப்போன அப்பாவைப் பற்றி அன்போடும் சிரிப்போடும் ஒரு புத்தகம் எழுதி முடித்திருந்தார். அப்பா அவருக்கு இருபது வருடம் முன்பே, 1916-இல், லண்டனில் போய்ச் சேர்ந்திருந்தார்.

எங்கள் தறிக்குடோனுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். எட்டுத் தறியும் ஓடினால் நூறு டெசிபலை ஒட்டி இருக்கும் என்று இப்போது தெரிகிறது. ஊடைநூல் சுமக்கும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிபடும் சத்தம்தான் எங்களுக்குத் தாலாட்டு. மின்சாரம் போனால் குழந்தைகள் விழித்துக்கொள்வோம். பக்கத்து வீட்டுத் தனம் அக்கா பன்னிரண்டாவது படித்த வருடம், பரீட்சை முடியும்வரை இரவு எட்டு மணிக்கு மேல் அப்பா தறியை நிறுத்திவிட்டார். யாரும் வந்து கேட்கவில்லை. ஒரு மாதக் கூலியில் பாதி போயிற்று, அம்மா முணுமுணுத்தார். "புள்ள படிக்குதில்ல" என்றார் அப்பா. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த காதை நினைத்தவர், அவர் காதில் ஒரு பஞ்சுகூட வைத்ததில்லை. வைக்கச் சொல்லி நாங்களும் சொன்னதில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வலிக்கிறது.

போன வாரம் மாக்சிம் கதையை அப்பாவுக்குச் சொன்னேன். காது மெஷின் போட்டிருந்தாலும் கிட்டத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாக, முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். துப்பாக்கி, தோட்டம், ஜன்னல், குளியல் தொட்டி எல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தப் பையன் செஞ்சது, அவங்கப்பனுக்கு ஒதவுச்சா?"

"இல்லீங்கப்பா. அதுக்குள்ள அவருக்குக் காது போயிருச்சு."

அப்பா கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சித்தப்பா மகன் ஓட்டிக்கொண்டிருந்த தறிகளைப் பார்க்கக் குடோனுக்குள் போனார்.